தேனீக்கு ஏற்ற காட்டுப்பூக்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: முதன்முதலாக வைக்கிறேன். எந்தச் செடியில் ஆரம்பிக்கலாம்?

பதில்: தும்பை. களை என்று பிடுங்கிப் போடுகிறோமே, அதேதான். கூடவே துளசி வையுங்கள், பூங்கதிரைக் கிள்ளாமல் விடுங்கள். நீலப்பட்டைத் தேனீ வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்: கதிருக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும், நாக்கை முதலிலேயே நீட்டிக்கொண்டுதான் பூவுக்குள் போகும். வகைக்கு ஒன்றாகக் கலந்து வைக்காமல் ஒரே செடியை ஏழெட்டாகச் சேர்த்து வைப்பது நல்லது, ஏனென்றால் தேனீ ஒருமுறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவாகத்தான் தேடிப் போகும்.

கேள்வி: விதை தூவினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரமே வேண்டாம். கொழுத்த மண்ணில் புல்தான் முந்திக்கொள்ளும். பொடி விதையை மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, மேலே மண் மூடாமல் பூவாளியில் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். தேனீ கொட்டாதா?

பதில்: பூவில் மேய்கிற தேனீ வலிய வந்து கொட்டாது. நசுக்கினால், கூட்டைக் கலைத்தால் கொட்டும். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கு தோலில் தங்கிவிட்டால் நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேராக மருத்துவமனைதான்.

கேள்வி: வேப்பெண்ணெய் இயற்கைதானே, தெளிக்கலாமா?

பதில்: பூத்திருக்கும் செடியில் எதையும் தெளிக்காதீர்கள். இயற்கையோ செயற்கையோ, எதையும். தவிர்க்கவே முடியாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு இலையில் மட்டும்.

கேள்வி: தோட்டம் முழுக்கச் சருகு பரப்பி மூடாக்கு போட்டிருக்கிறேன். அது தேனீக்கும் நல்லதுதானே?

பதில்: மண்ணுக்கு நல்லது, தேனீக்கு இல்லை. உலகில் சுமார் 20,000 தேனீ இனங்கள் உண்டு, அதில் பத்துக்கு ஏழு இனம் போல மண்ணைத் தோண்டித்தான் கூடு வைக்கின்றன. பெட்டியில் வளர்வதும் மரத்தில் தொங்குவதும் மட்டும்தான் தேனீ என்று நினைத்துக்கொண்டு, மற்றவற்றின் வாசலை நாம் சருகு போட்டு அடைக்கிறோம். வெயில் படும் ஒரு மூலையை வெறும் மண்ணாக விடுங்கள்.

கேள்வி: மூடாக்கு இல்லாத மண் செத்துப்போகும். தப்பான யோசனை சொல்கிறீர்கள்!

பதில்: ஐயா, முழுத் தோட்டத்தையும் மொட்டையாக்கச் சொல்லவில்லை. ஒரு முறம் அளவு இடம் போதும். காய்கறிப் பாத்தியில் தாராளமாக மூடாக்கு போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் பூவை மட்டும் வைத்துவிட்டுக் குடியிருக்க இடம் தராவிட்டால், வருகிற தேனீ தேனைக் குடித்துவிட்டு வேறு எங்காவதுதான் முட்டையிடும்.

கேள்வி: மண்ணில் ஒரு ஓட்டை தெரிகிறது. எறும்புப் புற்றா தேனீக் கூடா, எப்படித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி. பல கூடுகளில் பென்சில் பருமனுக்கு ஒரு துளையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பொடி மண்ணும் இருக்கும். வெயில் ஏறியதும் ஓரமாக உட்காருங்கள். வரிசையாக நடந்து போனால் எறும்பு. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு பறந்து வந்து சட்டென்று உள்ளே நுழைந்தால் தேனீ.

கேள்வி: தேனீ கொட்டுமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ரோஜா இலையில் வட்ட வட்டமாக வெட்டு. என்ன மருந்து அடிப்பது?

பதில்: இலைவெட்டித் தேனீயின் வேலை, அந்தத் துண்டுகளைச் சுருட்டித்தான் குஞ்சுக்கு அறை கட்டுகிறது. செடி சாகாது. மருந்து வேண்டாம் என்று எத்தனை முறைதான் சொல்வது? இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் அதற்குத் தடை போட்டது. நாற்றுப்பண்ணையில் செடி வாங்கும்போதும் என்ன மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: தேன்பெட்டி எங்கே வைக்கலாம்?

பதில்: தேனீ வளர்ப்பவரைக் கேளுங்கள். நான் பூக்காரன்.

கேள்வி: மூடாக்குச் சண்டை போட்டவன்தான். சரி, ஒரு மூலையை விட்டுவிட்டேன். எப்போது வரும்?

பதில்: நாள் குறிக்க முடியாது. பக்கத்தில் பூ இருக்கட்டும், அந்த இடத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், வந்துவிட்டதா என்று கொத்திப் பார்க்காதீர்கள்.