வயலை அடகு வைத்து லண்டனுக்கு ஏன்? வேறு மாவட்டத்துக்குப் போகட்டும்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார். மகள் ஐந்து வருடச் சட்டப் படிப்பை முடித்து, வக்கீலாகப் பதிவு (என்ரோல்) செய்து, சென்னையில் ஒரு சீனியர் வக்கீலிடம் இரண்டு வருடமாக ஜூனியராக இருக்கிறாள். கைக்கு வருவது ஹாஸ்டல் வாடகைக்கே போதவில்லை. மாதாமாதம் ஊரிலிருந்துதான் பணம் போகிறது. லண்டனில் இருக்கும் தாய்மாமன், "இங்கே வந்து எல்.எல்.எம். ஒரு வருடம் படித்தால் போதும், வாழ்க்கை செட்டில்" என்று சட்ட மேற்படிப்பைச் சொல்லியிருக்கிறார். வயலை வைத்துக் கடன் வாங்க வங்கியில் பேச்சும் தொடங்கிவிட்டது.

கவலைப்படாதீர்கள் என்று இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்வது அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற நல்லதாக இருக்காது. அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், இதே நிலையில் நிறைய பேர் இருக்கிறீர்கள்.

அம்மா, எல்.எல்.எம். படித்துவிட்டால் இங்கிலாந்தில் வக்கீலாகிவிட முடியாது. அங்கே சொலிசிட்டர் எனப்படும் வக்கீல் ஆக எஸ்.க்யூ.இ. என்று தனித் தேர்வு இருக்கிறது, 2021-லிருந்து நடக்கிறது. அதை எழுத எல்.எல்.எம். தேவையே இல்லை. தேர்வில் தேறினாலும், விசா வாங்கிக் கொடுத்து வேலைக்கு எடுக்க ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 40,500 ரூபாய். திரும்பி வந்து மறுபடி ஜூனியராக உட்கார்ந்தால் அதை யார் கட்டுவது? மாமா கட்டப்போவதில்லை. கையெழுத்து உங்களுடையது, வயல் உங்களுடையது. இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், அதில் மாற்றமில்லை.

டெல்லிக்குப் போகலாமே என்று கூட வந்த பெரியப்பா கேட்டார். போகலாம். ஆனால் அங்கே கீழ் கோர்ட்டுகளில் ஹிந்தி இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். சுப்ரீம் கோர்ட்டில் சொந்தப் பெயரில் வழக்குத் தாக்கல் செய்யும் அட்வகேட் ஆன் ரெக்கார்டு ஆவதற்கு நான்கு வருட அனுபவம், அப்புறம் ஒரு வருடப் பயிற்சி, அதன் பிறகு தேர்வு. அதுவரை சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? சிவில் நீதிபதித் தேர்வு, கார்ப்பரேட் வேலை எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்து பேர் சொல்லியிருப்பார்கள், நான் அதற்குள் போகவில்லை.

ஜூனியருக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லாச் சீனியர் அலுவலகங்களிலும் அது நடைமுறைக்கு வந்துவிடவில்லை. உங்கள் மகளே அதற்குச் சாட்சி.

நான் சொல்ல வந்த வழி வேறு. ஒவ்வொரு மாவட்டத்திலும் கோர்ட் வளாகத்துக்குள், இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருப்பது எல்லோருக்கும் தெரியும். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம் நடத்தும் இடம் என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறோம். வக்கீல் வைக்க வழியில்லாத குற்றவழக்குக் கைதிகளுக்காக அங்கே முழுநேர வக்கீல்களை நியமிக்கும் திட்டத்தைத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022-இல் விரிவாக வகுத்தது. லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சில், சுருக்கமாக எல்.ஏ.டி.சி. என்பார்கள். முன்பு ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீலுக்கு வழக்குக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். இதில் தலைமை, துணை, உதவி என்று மூன்று நிலை வக்கீல்கள், மாத மதிப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். உதவி நிலைக்கு ஓரிரு வருடக் குற்றவியல் அனுபவம் உள்ள இளம் வக்கீல்களைத்தான் தேடுகிறார்கள். உங்கள் மகள் அந்த இடத்தில்தான் நிற்கிறாள்.

வேலை என்னவென்று கேளுங்கள். கைதானவரை மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு, கொண்டுவரும்போது கூட நிற்பது, ஜாமீன் மனு போடுவது, ஜெயிலுக்குப் போய்ப் பேசுவது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) வரவில்லை என்றால், ஜாமீனில் போகும் உரிமை உள்ளே இருப்பவருக்கு வந்துவிடுகிறது. வக்கீல் இல்லாதவருக்கு அது தெரியாமலே போகிறது. அந்த நாளை எண்ணிக் கையில் மனுவோடு நிற்பது இவர்கள் பொறுப்பு. சீனியர் அலுவலகத்தில் வாய்தா வாங்கியே வருடங்களைக் கழிக்கிற ஜூனியருக்கு, இங்கே சொந்தமாக வாதாடும் வாய்ப்பு சீக்கிரம் வருகிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டங்களையும் வழக்கு நடத்தியே கற்றுக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. இது நிரந்தர அரசு வேலை இல்லை, ஒப்பந்தம்தான். முதலில் இரண்டு வருடம், பிறகு வேலையைப் பார்த்து நீட்டிப்பார்கள். இந்தக் காலத்தில் தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. மாவட்டத்துக்கு மாவட்டம் மதிப்பூதியம் மாறும். காலியிடம் எப்போதாவதுதான் வரும், அதனால் சொந்த மாவட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். திருவண்ணாமலையோ கிருஷ்ணகிரியோ, எங்கே வருகிறதோ அங்கே போகட்டும். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிந்தவருக்கு எந்த மாவட்ட கோர்ட்டிலும் நிற்க உரிமை இருக்கிறது. வாடகை சென்னையில் கொடுப்பதை விடக் குறைவு. கீழ் கோர்ட்டில் சாட்சி பேசுவது தமிழில். அவளுக்கு அங்கே தடையே இல்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு கிரிமினல் சைடு எதுக்கு?" என்று அந்த அம்மா கேட்டார். அதுவரை வாயைத் திறக்காத அந்தப் பெண், தானே எழுதிய ஒரு ஜாமீன் மனுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. அம்மா, அவளுக்கு எது பிடிக்கும் என்பதில் இனி விவாதம் எதற்கு? பாதுகாப்பு பற்றிய உங்கள் பயம் நியாயம்தான். அதற்கு ஊரையும் தங்கும் விடுதியையும் நேரில் போய்ப் பாருங்கள். துறையை மாற்றச் சொல்லாதீர்கள்.

இந்த வாரமே அவள் செய்ய வேண்டியது ஒன்று. இரண்டு வருடத்தில் தான் ஆஜரான குற்றவழக்குகளின் எண், கோர்ட், தான் செய்த வேலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சீனியரிடம் அனுபவச் சான்று கேட்கட்டும். மாவட்ட கோர்ட் இணையதளங்களில் ஆள் சேர்ப்பு அறிவிப்புப் பகுதியை வாரம் ஒருமுறை பார்க்கட்டும். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு, அறிவிப்பு வந்த பிறகு சான்று தேடி அலைந்தால் தேதி போய்விடும்.