இட்டேரி வழக்குக்குத் தீர்ப்பு தேடுவது எப்படி?

கேள்வி: கோபியில் ஜூனியர் வழக்கறிஞராக இருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இட்டேரியை, அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை, கம்பி வேலி போட்டு மறித்துவிட்டார் என்று கட்சிக்காரர் வந்திருக்கிறார். சீனியர் தீர்ப்பு எடுத்து வரச் சொன்னார். தீர்ப்புகளை இலவசமாகத் தேடும் இண்டியன் கானூன் தளத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது. சந்தா கட்டும் தளம் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: சந்தாவைப் பிறகு பார்க்கலாம். தளத்தைத் திறக்கும் முன் வழக்குக் கட்டைத் திறவுங்கள். அந்தத் தடம் சர்வே வரைபடத்தில் புறம்போக்கா, பட்டா பூமியா? பட்டா என்றால், கிரயப் பத்திரத்தில் 'ஆள், கால்நடை, வண்டி போக வர மாமூல் தடப்பாத்தியம்' (வழக்கமான வழியுரிமை) என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் வழக்கு பத்திரத்தின் மேல் நிற்கும். இல்லாவிட்டால் 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம், அதாவது பிறர் நிலத்தின் மேல் வழி போன்ற உரிமைகளுக்கான சட்டம்: வேறு வழியே இல்லை என்றால் 13-ஆம் பிரிவு, 20 ஆண்டு அனுபவம் என்றால் 15-ஆம் பிரிவு. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று வருடம் மறித்துக் கிடந்த தடத்துக்கு 15-ஆம் பிரிவுத் தீர்ப்பைக் கொண்டுபோனால் எதிர்த்தரப்பு சிரிக்கும்.

அடுத்து சொல். உங்கள் வாயில் வரும் சொல்லை அல்ல, தீர்ப்பில் தட்டச்சு செய்யப்பட்ட சொல்லைத் தேட வேண்டும். 'ஈஸ்மென்ட்' என்று மட்டும் போட்டால் இந்தியா முழுதும் வரும். 'இட்டேரி' என்பதை ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நம் பக்கத்து வழக்குகளே மிஞ்சும். ஒரு 'டி', இரண்டு 'டி', கடைசியில் 'ஐ' அல்லது 'ஒய்' என்று எல்லா எழுத்துக்கூட்டலையும் போட வேண்டும். 'கார்ட் டிராக்', 'மாமூல் பாத்வே' போன்ற இரட்டைச் சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். இல்லாவிட்டால் தளம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துத் தேடும்.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்பதற்கு 'ஆர்', எல்லாமே வேண்டும் என்பதற்கு 'ஆண்ட்'. இண்டியன் கானூனில் இவற்றைப் பெரிய ஆங்கில எழுத்தில், கடைசி எழுத்தை இரட்டித்து, இரு பக்கமும் இடம் விட்டு அடிக்க வேண்டும். சாதாரணமாக அடித்தால் அது கட்டளையாக வேலை செய்யாது. குறிகள் மறந்துபோனால் அட்வான்ஸ்டு சர்ச் பக்கத்தில் கட்டங்களை நிரப்புங்கள்.

நீதிமன்றத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் மேல்முறையீடுகள் சென்னைக்கும் கரூர் வழக்குகள் மதுரைக் கிளைக்கும் போகும். இரண்டும் ஒரே உயர் நீதிமன்றம்தான் என்பதால் மதுரைத் தீர்ப்பை ஒதுக்க வேண்டாம். 'செகண்ட் அப்பீல்' (இரண்டாம் மேல்முறையீடு) என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். அங்கே சட்டக் கேள்வி மட்டும்தான் விவாதம் என்பதால் தடத் தகராறுக்கு நல்ல சரக்கு அதில்தான் கிடைக்கும். சட்டக் கேள்வியே எழவில்லை என்று தொடக்கத்திலேயே தள்ளுபடியானவற்றுக்கு எடை குறைவு.

கிடைத்ததும் அவசரப்பட்டுப் பத்தியை நகலெடுக்காதீர்கள். நீங்கள் தேடிய வரி, வக்கீலின் வாதத்தை நீதிபதி எடுத்தெழுதிய இடமாகவும் இருக்கலாம். பின்னால் அதையே நிராகரித்திருப்பார். கடைசிப் பத்தி வரை படிக்க வேண்டும்.

பிறகு, அதை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளின் பட்டியலைத் திறவுங்கள். இது சோம்பலுக்கு இடமில்லாத வேலை. வேறொரு துறையிலிருந்து ஓர் உதாரணம்: இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களின் பங்கு பற்றி 2015-இல் பூலாவதி வழக்கில், சட்டத்திருத்தம் அமலுக்கு வந்த 9-9-2005 அன்று தந்தை உயிரோடிருக்க வேண்டும் என்று இரு நீதிபதிகள் சொன்னார்கள். 11-8-2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். பழைய தீர்ப்பு இன்றும் தளத்தில் அப்படியே கிடக்கிறது. தேடினால் வரத்தான் செய்யும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பானால் 2023 ஜனவரியில் வந்த இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாக அச்சுப்பக்க எண்ணோடு இறக்கிக்கொள்ளலாம். ஏஐ சொன்ன சைட்டேஷனை (தீர்ப்பின் மேற்கோள் எண்ணை) மூலத்தில் பார்க்காமல் மனுவில் போடவே போடாதீர்கள். இல்லாத வழக்கையும் அது எண்ணோடு சொல்லும்.

சந்தா தளம் தலைக்குறிப்புக்கும் (தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கம்), சி.டி.சி., எம்.எல்.ஜே. போன்ற தீர்ப்புத் தொகுப்பு இதழ்களின் இணை சைட்டேஷனுக்கும், மாற்றப்பட்ட தீர்ப்பு என்ற எச்சரிக்கைக்கும் உதவும். முதலில் உங்கள் சங்க நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். சீனியரிடம் மூன்று தீர்ப்பு போதும், பத்தி எண்ணைக் குறித்துக் கொடுங்கள். எதிர்த்தரப்புக்கும் ஒரு பிரதி சேர்த்து எடுத்துவிடுங்கள்.