நிலா இருந்தா கிரகம் ஆயிடுமா?

கேள்வி: போன இதழ் சிறுவர் பக்கத்துல சூரியக் குடும்பம் படம் போட்டீங்க, அதுல புளூட்டோவைக் காணோம். புதனுக்கும் வெள்ளிக்கும் ஒரு நிலாகூட கிடையாது, புளூட்டோவுக்கு 5 நிலா இருக்கு. அதைப் போய் கிரகம் இல்லைன்னு ஒதுக்குறது அநியாயம் இல்லையா?
– ஒரு வாசகர்

பதில்: மறந்து விடலைங்க, தெரிஞ்சுதான் விட்டோம், அடுத்த தடவையும் 8 தான் வரும். நிலா இருந்தா கிரகம்னு யாரு சொன்னா உங்களுக்கு? ஐடான்னு ஒரு சிறுகோள் இருக்கு, நீளம் 60 கி.மீ. கிட்டதான், அதையே டாக்டில்னு ஒரு குட்டி நிலா சுத்திக்கிட்டு இருக்கு, 1993ல கலிலியோ விண்கலம் பக்கத்துல போறப்ப படம் எடுத்துச்சு. உங்க கணக்குப்படி பாத்தா ஐடாவை உள்ள சேத்துட்டு வெள்ளியை வெளிய அனுப்பணும், பரவாயில்லையா?

இதுல வேடிக்கை என்னன்னா புளூட்டோவை மாட்டி விட்டதே அதோட நிலாதான், வீட்டு ஆளே கூண்டேறி சாட்சி சொன்ன கதை. 1930ல க்ளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடிச்சப்ப பூமி அளவுக்கு எடை இருக்கும்னுகூட கணக்குப் போட்டாங்க. எவ்ளோ தூரத்துல கெடக்குற ஒரு புள்ளிக்கு எடை எப்படிப் போடுறது? அதைச் சுத்தி ஏதாச்சும் ஓடுச்சுன்னா, எவ்ளோ தூரத்துல, எத்தனை நாள்ல சுத்துதுன்னு பாத்து கெப்ளர், நியூட்டன் கணக்கை வச்சு எடையைச் சொல்லிடலாம். 1978 ஜூன்ல ஜேம்ஸ் கிறிஸ்டின்னு அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்துக்காரர் புளூட்டோவை எடுத்த போட்டோ பிளேட்டுகளைப் பெருசாக்கிப் பாக்குறார், புளூட்டோ ஒரு பக்கம் லேசா புடைச்சிக்கிட்டு இருக்கு, டெலஸ்கோப் ஆடியிருந்தா நட்சத்திரமும் சேந்துல்ல இழுத்திருக்கணும், அதெல்லாம் வட்டமா சுத்தமா இருக்கு. பழைய பிளேட்டுகளை எடுத்துப் பாத்தா அந்தப் புடைப்பு ஒண்ணுல மேல, ஒண்ணுல கீழ, 6.4 நாளுக்கு ஒருக்கா சுத்தி வருது. அதுதான் புளூட்டோவோட பெரிய நிலா ஷாரன். அப்புறம் கணக்குப் போட்டா புளூட்டோ எடை நம்ம நிலா எடையில ஆறுல ஒரு பங்கு சுமார்தான் தேறுது! மத்த நிலாவான நிக்ஸ், ஹைட்ரா, கெர்பெரஸ், ஸ்டிக்ஸ் நாலும் 2005லயும் அதுக்கு அப்புறமும் கெடைச்ச பொடிசுங்க, அதுங்களால பெருசா எதுவும் மாறலை.

அடுத்த அடியும் நிலா வழியாதான் வந்துச்சு. 2005ல வானியலாளர் மைக் பிரவுன் குழு நெப்டியூனுக்கு அந்தப் பக்கம் ஏரிஸ்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சு அறிவிச்சாங்க, அதே வருஷம் டிஸ்னோமியான்னு அதோட நிலாவும் சிக்கிடுச்சு, 16 நாளைக்கு ஒரு சுத்து. 2007ல எடை போட்டா ஏரிஸ் புளூட்டோவை விட 27 சதவீதம் அதிகம்! சைஸ்ல புளூட்டோ கொஞ்சம் பெருசு (2,377 கி.மீ., ஏரிஸ் 2,326), ஆனா எடையில தோத்துடுச்சு. இதே மாதிரி இன்னும் ஹௌமியா இருக்கு, 4 மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தி முட்டை மாதிரி நீண்டு போனது, அதுக்கு 2 நிலாவும் ஒரு வளையமும் உண்டு. மாகேமாகேவுக்கு மங்கலா ஒண்ணு. செரஸுக்கு எதுவுமே இல்ல, ஆனா அதுவும் இவங்களோட குள்ளக்கோள் (உருண்டையா இருந்தும் கிரகம் ஆகாதது) லிஸ்ட்லதான் இருக்கு. ஆக உள்ள விடுறதுக்கும் வெளிய தள்றதுக்கும் யாரும் நிலாவை எண்ணலை. 2006 ஆகஸ்ட் 24, ப்ராக் நகரத்துல சர்வதேச வானியல் சங்கம் கூடி ஓட்டுப் போட்டு வச்ச கிரக விதி வேற: சூரியனைச் சுத்தணும், உருண்டையாகணும், தன் பாதையில தான்தான் பெரியாளா இருந்து மத்ததையெல்லாம் ஒதுக்கியிருக்கணும். முதல் ரெண்டும் புளூட்டோ பாஸ். மூணாவதுலதான் அடி, ஏன்னா நெப்டியூனுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருங்கூட்டமே சுத்துது, இது அதுல ஒண்ணு. அந்த விதி தெளிவா இல்லைன்னு சண்டை போடுற விஞ்ஞானிங்க இன்னைக்கும் இருக்காங்க, அது நியாயமான சண்டை. நீங்க அந்தப் பக்கம் போயிருந்தா நானும் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.

அதே ப்ராக் கூட்டத்துல முதல்ல வந்த வரைவு என்ன தெரியுமா? புளூட்டோ இருக்கட்டும், கூடவே செரஸ், ஏரிஸ், ஷாரன் மூணையும் சேத்து மொத்தம் 12 கிரகம்னு. ஷாரன் எதுக்குன்னா, அதுவும் புளூட்டோவும் சேந்து சுத்துற மையப்புள்ளி புளூட்டோவுக்குள்ளயே இல்ல, தரையிலேர்ந்து 900 கி.மீ.க்கு மேல வெளிய நிக்குது, அதனால ரெட்டைக் கிரகம்னு ஒரு வாதம். வரைவு தோத்துடுச்சு. ஜெயிச்சிருந்தா நீங்க 5ன்னு எண்ணுற நிலாவுல ஒண்ணு தனிக் கிரகமா கழண்டு போயிருக்கும், புளூட்டோ கணக்குல 4 தான் மிச்சம்.