சேணம் மட்டும் கிடைத்தால் போதுமா?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். புதைபடிவமான நீர்த்தெள்ளுகளில் புதிய பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) வகுப்பது பற்றி வகுப்பில் சொன்னார்களாம். ஒரு மில்லிமீட்டர் பூச்சி கல்லில் எப்படிப் பதியும்? அது புதிய பேரினம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: முதலில் ஒரு திருத்தம் அம்மா. நீர்த்தெள்ளு பூச்சி இல்லை. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். உங்களுக்குப் பக்கத்தில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன்குஞ்சுக்குத் தீனியாகப் பையில் கட்டித் தருகிறார்களே மொய்னா, அதுவும் இந்தக் கூட்டம்தான்.

கல்லூரியில் பாடம் நடத்திய நாளில் அந்தப் பையை வாங்கிவந்து ஒரு கண்ணாடித் தொட்டியில் ஊற்றி வைப்பேன். நெரிசலும் பசியும் முற்றியதும், சில பெண் தெள்ளுகளின் முதுகில் பழுப்பாக ஒன்று தடித்து நிற்கும், குதிரைக்குச் சேணம் வைத்ததுபோல. நல்ல காலத்தில் இவை ஆண் துணையில்லாமலே குட்டி போடும். காலம் கெட்டால் ஆண்கள் பிறக்கும். இணை சேர்ந்து உண்டாகும் முட்டையை அந்தச் சேணத்துக்குள் மூடி, தோலுரிக்கும்போது கழற்றி விட்டுவிடும். ஏரி வறண்டாலும் அது தாங்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த, சுமார் 700 ஆண்டு பழைய டாப்னியா என்ற நீர்த்தெள்ளின் முட்டையைப் பொரிக்க வைத்து, 2014-இல் கட்டுரை எழுதினார்கள். எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் செய்தி அது.

உடல் மெல்லிய ஓடு, சீக்கிரம் மட்கிவிடும். சேணம் தங்கிவிடும். அதனால் கல்லில் பெரும்பாலும் கிடைப்பது சேணம்தான். மங்கோலியாவில் 14.5 கோடி ஆண்டுக்கும் முந்தைய டாப்னியா சேணங்கள் கிடைத்திருக்கின்றன. இன்றைய டாப்னியாவின் இரண்டு துணைப்பேரினங்களும் அப்போதே பிரிந்திருந்தன என்று ஆய்வாளர்கள் கோடோவும் டெய்லரும் 2011-இல் எழுதினார்கள். எப்படிக் கண்டார்கள்? ஒன்றில் முட்டைகள் முதுகு விளிம்புக்கு இணையாகப் படுத்திருக்கும். மற்றதில் குறுக்காக நிற்கும்.

இப்படித்தான் பேரினத்தையும் பார்க்கிறார்கள். டாப்னியாவின் சேணத்தில் இரண்டு முட்டை, இன்னொரு பேரினமான செரியோடாப்னியாவில் ஒன்று. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. சைமோசெபாலஸ் என்ற வேறொரு பேரினத்துக்கும் ஒன்றுதான், மொய்னாவிலேயே சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு இரண்டு. முட்டை கிடக்கும் திசை, சேணத்தின் வடிவம், மேலே ஓடும் வலைக்கோடு, விளிம்பு முள் எல்லாம் சேர்ந்து, தெரிந்த எந்தப் பேரினத்திலும் அடங்காமல் நிற்க வேண்டும். கல்லில் நசுங்கிய ஒன்றே ஒன்றை வைத்துப் பேரினம் வகுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. குறைந்தது நாலைந்து சேணமாவது வேண்டும்.

அப்புறம் விதிமுறை. வேறெந்த விலங்குப் பேரினத்துக்கும் இல்லாத பெயர், அதற்கு மாதிரியாக ஒரு சிற்றினம், வேறுபாடுகளைச் சொல்லும் வர்ணனை. அந்தச் சிற்றினமும் புதிது என்றால் அதற்கு ஒரு ஹோலோடைப்பை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரியைக் குறிப்பிட்டு, எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறோம் என்றும் எழுத வேண்டும்.

மகளை ஒரு பை மொய்னா வாங்கச் சொல்லுங்கள். சேணம் தெரிந்ததும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்து அனுப்பட்டும். முட்டை ஒன்றா இரண்டா என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.