அட்டிமறியா, துரங்கமா, பாரயா? – மலையாளச் சொல் பற்றிய கேள்வி பதில்

பாலக்காட்டில் உட்கார்ந்து மலையாளத்துக்கும் தமிழுக்கும் நடுவே மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். ‘சப்வெர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை, அதாவது ஓர் அதிகாரத்தை நேருக்கு நேர் மோதாமல் ஆட்டம் காண வைப்பதை, மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்கப் போய் வரிசையாகக் கேள்விகள் வந்து விழுந்தன. முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தை சொல்லுங்கள். பரீட்சைக்கு வேண்டும்.

அட்டிமறிக்குக. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் அட்டிமறி. பரீட்சைக்கு இது போதும்.

மறி என்றால் நம் சாலை மறியல் மாதிரி தடுப்பதுதானே? தடுப்பது எப்படிக் கவிழ்ப்பதாகும்?

எல்லாத் தமிழருக்கும் கால் இடறும் இடம் இதுதான். ‘பஸ் மறிஞ்ஞு’ என்று மலையாளி சொன்னால் பஸ்ஸை யாரோ மறித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், பஸ் கவிழ்ந்துவிட்டது. பழந்தமிழில் மறிதல் என்பதற்குத் திரும்புதல், கீழ்மேலாதல் என்ற பொருள்களும் உண்டு. நாம் தடுப்பதை வைத்துக்கொண்டோம், அவர்கள் கவிழ்வதை வைத்துக்கொண்டார்கள். அட்டி என்றால் அங்கே அடுக்கு. அரிசி மூட்டை அடுக்கு ஒன்று சரிந்து தலைகீழாவதை மனதில் வைத்துக்கொண்டால் சொல் மறக்காது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமும் ‘கீழிருந்து திருப்பிப் போடுவது’ என்பதுதான். இரண்டு மொழியும் ஒரே காட்சியைப் பிடித்திருக்கின்றன.

ஃபுட்பால் செய்தியில்கூட ‘அட்டிமறி’ பார்த்தேனே. அங்கே என்ன சதி?

ஒரு சதியும் இல்லை. சின்ன அணி பெரிய அணியைச் சாய்த்தால் அது அட்டிமறி ஜயம். 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்ததே, அதற்குப் பொருத்தமான சொல் இதுதான். கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்குக் கட்அவுட் வைத்தவர்களிடம் மட்டும் அன்று இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது.

மலையாளப் பேப்பர் படித்துப் பழகுகிறேன். எதற்கெடுத்தாலும் அட்டிமறி என்கிறார்களே?

ஆமாம், ஓய்வே இல்லாத சொல். பட்டாள அட்டிமறி என்றால் ராணுவம் ஆட்சியைப் பிடிப்பது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் நடந்தது அதுதான். தீவண்டி அட்டிமறி என்றால் ரயிலைக் கவிழ்க்கும் நாசவேலை. கேஸ் அட்டிமறிச்சு என்றால் சாட்சியைக் கலைத்தோ ஆதாரத்தை மாற்றியோ வழக்கை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். சம்வரண அட்டிமறி என்றால் இடஒதுக்கீட்டில் செய்யும் தில்லுமுல்லு. தமிழில் கவிழ்ப்பு, நாசவேலை, குளறுபடி என்று இடத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டியிருக்கும். எல்லா இடத்திலும் ‘கவிழ்ப்பு’ போட்டு நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கொச்சியில் வேலை. கூட இருப்பவர் ‘அவன் எனிக்கு பார வெச்சு’ என்று புலம்புகிறார். இதுவும் அதுதானா?

அதன் வீட்டுப் பதிப்பு. பார என்றால் நம் கடப்பாரை. நாம் ஆப்பு வைக்கிறோம், அவர்கள் பாரை வைக்கிறார்கள். மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பது, வரவேண்டிய பதவி உயர்வைக் கெடுப்பது எல்லாம் பாரவெப்பு. எழுத்தில் சேர்க்காதீர்கள், டீக்கடையில் தாராளமாகச் சொல்லலாம். தேர்தலில் சொந்தக் கட்சிக்காரனே வேலையைக் காட்டினால் காலுவாரல். காலை வாரிவிடுவது நமக்கும் தெரிந்த கலைதான்.

‘மேலாளரின் அதிகாரத்தைக் குலைக்கும் நடத்தை’ என்று ஒரு விதிமுறையை மொழிபெயர்க்க வேண்டும். அட்டிமறி போடலாமா?

வேண்டாம். அட்டிமறி என்றால் நாற்காலியே கவிழ்ந்துவிட வேண்டும். ஆள் நாற்காலியில் இருக்க, அடியில் மண்ணை மட்டும் பறிப்பதற்கு ‘துரங்கம் வய்க்குக’ என்று ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. துரங்கம் என்றால் சுரங்கம். கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் சரித்த காலத்துப் படம். ‘அதிகாரத்தினு துரங்கம் வய்க்குக’ என்று எழுதுங்கள். அரசாங்க நடையில் வித்வம்சக பிரவர்த்தனம் என்றும் ஒன்று உண்டு, ஆனால் அது போலீஸ் அறிக்கை வாசனை அடிக்கும். அலுவலகத்துக்கு அதிகம்.

ஒரே சம்பவத்தை ஒருவர் அட்டிமறி என்கிறார், இன்னொருவர் சமரம் என்கிறார். எதை நம்புவது?

1959-ஐப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1957 ஏப்ரல் 5-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்றது. கல்வி மசோதாவும் நிலச் சீர்திருத்தமும் வந்ததும் கத்தோலிக்க சபை, மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சங்கம், காங்கிரஸ், முஸ்லிம் லீக் எல்லாம் தெருவில் இறங்கின. 1959 ஜூலை 31-ல் மத்திய அரசு 356-வது பிரிவைப் போட்டு ஆட்சியைக் கலைத்தது. இறங்கியவர்கள் வைத்த பெயர் விமோசன சமரம், அதாவது விடுதலைப் போராட்டம். இடதுசாரிகளுக்கு அது ஜனாதிபத்யத்தை அட்டிமறித்த கதை, ஜனாதிபத்யம் என்றால் மக்களாட்சி. நான் மொழிபெயர்க்கும்போது யார் பேசுகிறார் என்று பார்த்து அவர் சொல்லை அப்படியே விட்டுவிடுவேன். சமாதானமாக ஒரு நடுச்சொல் தேடினால் பேசுபவரின் கோபம் போய்விடும்.

ராஜத்ரோகமும் இதுவும் ஒன்றா?

இல்லை. ராஜத்ரோகம் என்பது ஆள்பவர் சுமத்தும் குற்றம். திருவிதாங்கூர் திவானை ‘சுதேசாபிமானி’ பத்திரிகையில் விடாமல் விமர்சித்த ராமகிருஷ்ண பிள்ளையை 1910 செப்டம்பர் 26-ல் நாடு கடத்தி, அச்சகத்தையும் பறிமுதல் செய்தார்கள். அவரைக் கொண்டுவந்து விட்டது நம் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர் செய்ததை இன்றைக்கு மலையாளிகள் விமர்சனம் என்பார்கள். அட்டிமறி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இலக்கியக் கட்டுரையில் நல்ல அர்த்தத்தில் வருகிறதே, மரபைச் சப்வெர்ட் செய்வது என்று?

அதற்குப் பொளிச்செழுத்து. பொளிக்குக என்றால் இடிப்பது. இடித்துவிட்டுத் திரும்ப எழுதுவது. எனக்கு மிகவும் பிடித்த மலையாளச் சொல். 1888-ல், தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த ஈழவ சாதியில் பிறந்த துறவி நாராயண குரு அருவிப்புறத்தில் நெய்யாற்றுக் கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவருக்கு அந்த உரிமை ஏது என்று கேட்டதற்கு, தான் வைத்தது ஈழவச் சிவனை என்றாராம். கோயிலை இடிக்கவில்லை, பூசாரியோடு சண்டை போடவில்லை, ஆனால் பிரதிஷ்டை யார் செய்யலாம் என்ற சட்டம் அங்கேயே சரிந்தது. இதற்கு அட்டிமறி என்று எழுதினால் சதி வாசனை வரும். பொளிச்செழுத்து சரியாக உட்காரும்.

திருச்சூர் பள்ளியில் என் பையன் டைரியில் டீச்சர் ‘தறுதல பறயுன்னு’ என்று எழுதியிருக்கிறார். பையனைத் தறுதலை என்பதா? நாளைக்கே போய்ச் சண்டை போடலாமா?

போகாதீர்கள் அக்கா. அங்கே தறுதல பறயுக என்றால் எதிர்த்துப் பேசுவது, அவ்வளவுதான். பையன் அட்டிமறி அளவுக்கெல்லாம் இன்னும் போகவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.