கேளுங்க சொல்றேன்: கரி ஸ்பீட்வேல ஒரு ஞாயித்துக்கெழம

கேள்வி: அண்ணா, பையன் ஏழாவது படிக்கிறான். கோவை செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு ரேஸ் டிராக் இருக்குல்ல, அங்க ரேஸாம், கூட்டிட்டுப் போன்னு ஒரு மாசமா உசுர வாங்குறான். கொஞ்ச நேரம் காரு, கொஞ்ச நேரம் பைக்குனு மாத்தி மாத்தி விடுவாங்களாமே. எனக்கு ஸ்கூட்டிய தவிர ஒண்ணும் தெரியாது, நாள் பூரா உக்காந்து நான் என்னத்தப் பாக்க?
– ஒரு அம்மா, சிங்காநல்லூர்

பதில்: ஸ்கூட்டி ஓட்டுறீங்கல்ல, அது போதுங்க. வளைவு வருது, பிரேக்க எப்பப் புடிக்கிறதுங்கற கவலை உங்களுக்கும் இருக்கு, அவங்களுக்கும் அதே கவலதான், என்ன, உங்களவிட ரொம்ப லேட்டா புடிப்பாங்க.

நான் மொத தடவ பண்ண கூத்த மட்டும் நீங்க பண்ணிராதீங்க. ஸ்டார்ட் லைனுக்கு எதுத்தாப்புல நேர் ரோட்டோரமா நல்ல எடம் கெடச்சுதுன்னு பஸ்ல துண்டு போட்டவன் மாதிரி காலைலயே உக்காந்துட்டேன், சர்ருனு ஒரு சத்தம், திரும்பிப் பாத்தா ஒண்ணும் இல்ல, மறுபடி சர்ரு, இப்படியே மத்தியானம் ஆயிருச்சு. கால் மரத்துப்போய் எந்திரிச்சு நடந்தவன் தற்செயலா ஒரு மெதுவான வளைவுகிட்ட நின்னேன், அப்பதான் ரேஸே கண்ணுல பட்டுச்சு. ரெண்டு காரு பக்கத்துல பக்கத்துல வருது, வெளிப்பக்கம் இருக்கறவரு "நீ மொதல்ல பிரேக் புடி"ன்னு பாக்குறாரு, உள்பக்கம் இருக்கறவரு "நீ புடி"ன்னு பாக்குறாரு, ரெண்டு பேரும் புடிக்கல, டயர் கருகுற நாத்தம் நம்ம மூக்குக்கு வருது. அதனால வளைவாப் பாத்து நில்லுங்க. டிராக்கே 2.1 கிலோமீட்டர்தான், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனா அதே வண்டி மறுபடி உங்க முன்னாடி வந்துரும், யாரு யாரத் தாண்டுனாங்கன்னு கணக்கு விட்டுப்போகாது.

இன்னொண்ணுங்க. இங்க அதிகமா பாக்கப்போறது எல்ஜிபி ஃபார்முலா 4ங்கற ஒத்த சீட்டு ரேஸ் காரும், ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கப் பைக்கும்தான். கார் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பாடி, சுசுகியோட அதே 1300 சிசி இன்ஜின். பைக்கும் அப்படியே, எல்லாருக்கும் அதே 648 சிசி. காசு கொட்டி பெரிய வண்டி வாங்கிட்டு வந்து ஜெயிக்கற வேலையெல்லாம் கெடையாது. அப்ப ஒருத்தரு முன்னாடி போறாருன்னா கையும் காலும் தைரியமும்தான். பையன் மொதல்ல போறவரப் பாக்கட்டும், நீங்க ஏழாவதோ எட்டாவதோ போறவரோட ஹெல்மெட் கலர மனசுல வெச்சுக்கிட்டு அவர மட்டும் பாருங்க. முன்னாடி தனியாப் போறவருக்குப் பெருசா வேல இல்ல, நடுவுல மாட்டுனவருக்குதான் முன்னாலயும் சண்ட பின்னாலயும் சண்ட.

கேள்வி: ஒரு ரேஸ் பத்து பதினஞ்சு நிமிஷம், அப்புறம் அர மணி நேரம் சும்மா உக்கார வெக்கிறாங்க. கார் முடிஞ்சா உடனே பைக்க விடவேண்டியதுதான?
– வெயில்ல காஞ்சவன், பொள்ளாச்சி

பதில்: விடலாம், யாராவது விழுவாங்க. கார் வளைவுல ஓரத்துல ஏறி எறங்கும்போது மண்ணையும் ஜல்லியையும் இழுத்து டிராக்ல போட்டுட்டுப் போயிரும். நாலு சக்கரத்துக்கு அது பெருசாத் தெரியாது. பைக்கு சாயும்போது ரோட்டத் தொடுறது டயர்ல கையளவு எடம்தான், அந்த எடத்துல நாலு கல்லு இருந்தாப் போதும், ஆளு ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம். ஆயில் ஒழுகியிருந்தா இன்னும் மோசம். அதான் மார்ஷலுங்க, டிராக்கப் பாத்துக்கற ஆளுங்க, தொடப்பத்தோட எறங்குறாங்க, அந்த வெயில்ல நிக்கறவங்களுக்கு நாம கைதட்டுறதே இல்ல, அது வேற விஷயம். நடுவுல செவப்புக் கொடி காட்டிட்டா ரேஸையே நிறுத்திருவாங்க, டைம்டேபிள் அப்படியே பின்னால தள்ளிப்போகும்.

ஆனா அந்த அர மணி நேரத்துல உக்காந்துட்டே இருந்தது உங்க தப்பு தம்பி. பார்வையாளர பேடாக்ல, அதான் வண்டிங்கள நிறுத்தி வேல பாக்கற எடத்துல, விட்டாங்கன்னா போய்ப் பாருங்க. இப்ப நாம வாயப் பொளந்து பாத்த காரு மூடியக் கழட்டிப்போட்டு வீட்டு மிக்ஸி மாதிரி கெடக்கும், ஒரு மெக்கானிக் பையன் அதுக்குள்ள பாதி ஒடம்ப விட்டுட்டு ஸ்பேனர் கேட்டுக்கிட்டு இருப்பான்.

கேள்வி: பைக் ரேஸ்ல பின்னாடி வந்தவருக்கு மொதப் பரிசு குடுத்தாங்க. என் கண்ணு சரியில்லையா?
– திருப்பூர் வாசகர்

பதில்: கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஜிடி கப்ல ப்ரொஃபஷனல், அமெச்சூர்னு ரெண்டு பிரிவு. அமெச்சூர்ல மொதல்ல வந்தவருக்குத் தனி மேடை.

கேள்வி: எல்ஜிபின்னா என்ன, கரின்னா யாரு?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: எல்ஜிபி நம்மூரு கம்பெனிதான், எல்.ஜி.பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ். பைக்குக்கு ரோலான் செயின் போட்டிருக்கீங்களா, அவங்கதான். கரி, எஸ்.கரிவரதன். வெளிநாட்டு ரேஸ் கார வாங்க வக்கில்லாத பசங்களும் ஓட்டட்டும்னு மாருதி இன்ஜின வெச்சே ஃபார்முலா மாருதின்னு ஒத்த சீட்டு கார் கட்டுனவரு. 1995ல விமான விபத்துல போய்ட்டாரு, 2003ல தொறந்த டிராக்குக்கு அவர் பேர வெச்சாங்க. 2005ல இந்தியாவுலேர்ந்து மொத ஆளா ஃபார்முலா ஒன் ஓட்டுன நம்ம நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டுனதும் அந்த ஃபார்முலா மாருதிதான்.

கேள்வி: காதுக்குப் பஞ்சு கொண்டுபோகணுமா?
– மறுபடியும் சிங்காநல்லூர் அம்மா

பதில்: கண்டிப்பாங்க, பையனுக்கு மொதல்ல. தொப்பியும் தண்ணியும் கூட. ஜிடி கப் ஓடும்போது மட்டும் வேலியவிட்டு நல்லாத் தள்ளி வந்து ஒரே ஒரு சுத்துக்குப் பஞ்ச எடுத்துட்டுக் கேளுங்க, கார் மாதிரி கத்தாது, தடதடன்னு நெஞ்சுல வந்து அடிக்கும். ஒரு சுத்து போதும், மறுபடி வெச்சுக்கோங்க.