நான்கு மாதத்தில் தாய்ப்பால் நின்றுவிட்டது, இனி எதைக் கொடுப்பது?

கேள்வி: என் குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது, எடை 6 கிலோ. வேலைக்குத் திரும்பியதும் பால் குறைந்து, பத்து நாட்களுக்கு முன் நின்றேவிட்டது. பால்பவுடர் வேண்டாம், பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கொடு, கேழ்வரகுப் பாலும் தொடங்கு என்கிறார் மாமியார். செய்யலாமா?

பதில்: இப்போது இரண்டும் வேண்டாம் அம்மா. தாய்ப்பால் இல்லையென்றால், ஒரு வயது வரை கைக்குழந்தைகளுக்கென்றே தயாரிக்கும் பால்பவுடர்தான் மாற்று. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சில குழந்தைகளுக்கு அதனால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் ஏற்படும். ரத்தசோகை வர வேறென்ன வேண்டும்? அதிலுள்ள புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை. தண்ணீர் விட்டால் சுமையோடு சத்தும் பாதியாகும். அந்தக் காலத்துக் குழந்தைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள் என்பார்கள். வளராமல் போனவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதல் ஆறு மாதத்துக்கு உரிய டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். கொதித்து இறக்கி அரை மணிக்குள் உள்ள தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு டப்பாவிலேயே இருக்கும் கரண்டியால் தலைதட்டிப் பவுடரைப் போடுங்கள். பெரும்பாலும் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. விலையை நினைத்து ஒரு கரண்டியைக் குறைக்கும் வீடுகள் நிறைய. எடை ஏறாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்களும் அவர்கள்தான். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் கொடுங்கள். 6 கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 மில்லி. ஐந்தாறு வேளையாகப் பிரிக்கலாம். போதும் என்று முகத்தைத் திருப்பினால் திணிக்காதீர்கள். மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். பாட்டிலைவிடப் பாலாடையோ சிறு கிண்ணமோ கழுவ எளிது. எதுவானாலும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்.

கேழ்வரகு ஆறு மாதம் முடிந்த பிறகு. அப்போதும் ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை சேர்க்காதீர்கள். தேன் கூடவே கூடாது.

இன்னொன்று, பத்து நாள்தான் ஆகிறது என்பதால் பாலை மீண்டும் சுரக்க வைக்க முயலலாம். இரவிலும் சேர்த்து நாளைக்கு எட்டு முறையாவது குழந்தையை மார்பில் சப்பவிடுங்கள்; அலுவலகத்தில் கையாலோ பம்பாலோ பீய்ச்சுங்கள். கொஞ்சம் சுரந்தாலும் லாபமே. போதுமான அளவு சுரக்கும் வரை பவுடரை நிறுத்தவேண்டாம்.

ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, மலத்தில் ரத்தமோ விடாத வாந்தியோ கண்டாலோ அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.